அறுபது அடி தள்ளி

அந்த வழித்தடத்தில் அவருடைய பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. கைகாட்டி என்றால் எல்லோருக்கும் தெரியும். பேருந்து ஓட்டுநர். பத்தொன்பது வருடமாக ஒரே வழி: டிப்போ, சந்தை, பெரிய மருத்துவமனை, நீதிமன்றம், திரும்ப அதே வழி.

பெயர் வந்ததற்குக் காரணம் அவருடைய கைதான். மற்ற ஓட்டுநர்கள் ஹார்னில் பேசுவார்கள், இவர் கையில் பேசுவார். யாராவது சாலையைக் கடக்கத் தயங்கி நின்றால் வண்டியை நிறுத்தி, ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, உள்ளங்கையை மெதுவாக மடக்கிக் காட்டுவார். "போங்க, நான் இருக்கேன்" என்பது போல இருக்கும். சந்தை முனையில் பழம் விற்கிற அம்மா ஒரு நாள், "நம்ம கைகாட்டி வந்துட்டாரு, இனி தைரியமா போலாம்" என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்தாள். அன்று ஒட்டிக்கொண்டது அந்தப் பெயர். டிப்போவில் 'மரியாதை மிக்க ஓட்டுநர்' என்று ஒரு சான்றிதழ்கூடக் கொடுத்தார்கள். அது சட்டம் போட்டு அவர் வீட்டுக் கூடத்தில், மின்விசிறி சுவிட்சுக்கு மேலே தொங்குகிறது.

அவருடைய மனைவிக்குச் சட்டைக் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு நாளைக்கு எழுநூறு சட்டையைப் புரட்டிப் பார்த்து, பொத்தான் கோணலா, தையல் விட்டிருக்கிறதா என்று குறை கண்டுபிடிக்க வேண்டும். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண் ஓயாது. ஒரே மகள் கட்டட வரைபடப் படிப்பில் கடைசி வருடம். மூன்று பேரும் காலையில் மூன்று டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு மூன்று திசையில் கிளம்புகிற வீடு அது.

விபத்து நடந்தது ஒரு காலை நேரத்தில். மழையில்லை, பனியில்லை, வெயில் பளிச்சென்று இருந்தது. மருத்துவமனை நிறுத்தத்தில் வண்டி நின்றது. வண்டியின் மூக்குக்கு நேர் முன்னால், ஜனங்கள் சாலையைக் கடப்பதற்கான வெள்ளைக்கோடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மருத்துவமனை வாசல். சலவைக்கூடத்தில் வேலை செய்கிற பெண் ஒருத்தி வழக்கம்போல முன்வாசலில் இறங்கி, வண்டிக்கு முன்னால் வந்து நின்று, கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தாள். அவர் கை காட்டினார். அவள் சிரித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள். பேருந்துக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த வேன் ஒன்று, நிற்கிற பேருந்தைத் தாண்டிப் போவதற்காக வெளியே வந்தது.

அவள் அன்று மத்தியானம் இறந்தாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த அதே மருத்துவமனையில்.

வேன்காரன் மேல் வழக்குப் போட்டார்கள். டிப்போ விசாரணையில் கைகாட்டி மேல் எந்தத் தப்பும் இல்லை என்று முடிவானது. ஆனால் காவல் நிலையத்தில் வாக்குமூலம் எழுதும்போது அவராகவே ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னார்.

"நான் கை காட்டினேன், அவங்க நடந்தாங்க. அதையும் எழுதிக்குங்க சார்."

கூட வந்திருந்த டிப்போ அதிகாரி அவர் முழங்கையை இடித்தார். "யோவ், கேக்காததையெல்லாம் ஏன்யா சொல்ற? நீ பாட்டுக்கு வண்டிய நிறுத்தியிருந்த. அவ்வளவுதான்."

"நடந்தது அதுதானே சார்."

"நடந்ததெல்லாம் எழுதினா இந்த ஸ்டேஷன்ல பேப்பர் பத்தாது," என்றார் அதிகாரி. ஆனாலும் எழுதினார்கள்.

பத்து நாள் விடுப்பு எடுத்தார். அந்தப் பத்து நாளும் எல்லோரும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: உன் மேல தப்பு இல்ல. மனைவியின் அண்ணன் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், கூட வேலை செய்கிறவர்கள் வந்து டீ குடித்துவிட்டுச் சொன்னார்கள். கேட்டுக் கேட்டு அவருக்கும் கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. மறுபடி வண்டி எடுத்தார். இரண்டாவது வாரம், பழக்க தோஷத்தில் கை தானாக ஜன்னலுக்கு வெளியே போனது. மூன்றாவது மாதத்தில் அவர் பழைய கைகாட்டிதான். இதை அவரே பிற்பாடு, அதே வண்டியில் போய்வருகிற என்னிடம் சொன்னார். மறைக்கவில்லை.

இறந்தவளின் தங்கைக்கு அக்காவின் வேலையைக் கொடுத்தார்கள். அதே சலவைக்கூடம், அதே ஷிப்ட். ஆகவே அதே பேருந்து. வழக்கறிஞர் கொடுத்த காகிதக் கட்டுக்குள் அவள் அந்த வாக்குமூலத்தைப் படித்திருந்தாள். ஒரு வாரம் பின் இருக்கையில் உட்கார்ந்து வந்தவள், ஒரு நாள் முன்னால் வந்து ஓட்டுநருக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மருத்துவமனை நிறுத்தம் வந்தது. நான்கைந்து பேர் இறங்கி வண்டிக்கு முன்னால் வந்தார்கள். அவர் கை காட்டினார். அவர்கள் போனார்கள்.

"எங்கக்காவுக்கும் இப்படித்தான் காட்டினீங்களா?" என்றாள் தங்கை.

அவர் திரும்பிப் பார்த்தார். முகச்சாயல் போதும், யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

"ஆமாம்மா."

"வேன் வர்றது உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலம்மா. பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்ற வண்டி கண்ணாடியில தெரியாது. வெளிய வந்தப்புறம்தான் தெரியும்."

"அப்போ தெரியாமலேதான் போன்னு சொன்னீங்க."

அவர் பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

"இப்போ போனாங்களே நாலு பேரு, அவங்களுக்கும் தெரியாமத்தான் சொன்னீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவள் சத்தம் போடவில்லை. சட்டையில் தையல் விட்டிருப்பதைக் காட்டுகிற மாதிரி சொன்னாள் என்று பிற்பாடு அவர் மனைவியிடம் விவரித்தார். மனைவிக்கு அந்த உவமை நன்றாகப் புரிந்தது.

அன்று மாலை சான்றிதழைக் கழற்றப் போனார்.

"என்னங்க பண்றீங்க?"

"இதை எடுத்துடறேன்."

"எடுத்தா சுவத்துல ஓட்டை தெரியும். அது பாட்டுக்கு இருக்கட்டும். அதைக் கழட்டி என்ன ஆகப்போவுது? ரோட்டுல என்ன பண்ணலாம்னு யோசிங்க."

மறுநாளிலிருந்து கை வெளியே வரவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. நிறுத்தத்தில் வந்து நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள், அவர் நேராகப் பார்த்தார். "கைகாட்டிக்குத் திமிர் ஏறிடுச்சு," என்றாள் பழக்கார அம்மா. ஒரு பெரியவர் பானெட்டில் தட்டி, "என்னய்யா, கை சுளுக்கிக்கிச்சா?" என்றார். நடத்துநருக்கு வானொலி என்று பெயர். வாய் மூடாமல் பேசுகிறவர். அவர் வண்டிக்குள்ளிருந்தே பதில் சொன்னார்: "சுளுக்கு இல்ல பெரியவரே, சர்வீஸுக்கு விட்டிருக்கு!"

ஆனால் கை காட்டாததால் ஒன்றும் மாறவில்லை. அதுதான் அவரை வாட்டியது. ஜனங்கள் முன்வாசலில் இறங்கினார்கள், வண்டிக்கு முன்னால் வந்தார்கள், இவர் முகத்தைப் பார்த்தார்கள், கை வராவிட்டால் அவர்களாகவே ஓடினார்கள். வாசல் எதிரே இருக்கிறது, வெள்ளைக்கோடு காலடியில் இருக்கிறது, பெரிய வண்டி அணை மாதிரி நிற்கிறது. யாருக்குத்தான் ஓடத் தோன்றாது?

ஒரு நாள் மத்தியானம் டிப்போவில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கைகாட்டி சட்டென்று கேட்டார்:

"தம்பி, கோர்ட்டு ஸ்டாப்புல நான் எப்பவாவது கை காட்டியிருக்கேனா?"

வானொலி வாயில் சோற்றோடு யோசித்தார். "கோர்ட்டுலயா? இல்லையேண்ணே. அங்க யாரும் நம்ம முன்னாடி வரமாட்டாங்களே."

"ஏன் வரமாட்டாங்க?"

"ஏன்னா... ஸ்டாப்பு வெள்ளைக்கோட்டைத் தாண்டியில்ல இருக்கு? முனையில டிரான்ஸ்பார்மர் இருக்கறதால அந்தாண்ட தள்ளி வெச்சிட்டாங்க. இறங்கினவங்க பின்னாடி நடந்து போய்க் கடப்பாங்க."

"பின்னாடி போனா?"

"பின்னாடி போனா வர்ற வண்டியெல்லாம் தெரியும். அவங்களையும் வண்டிக்காரனுக்குத் தெரியும்." வானொலி மெல்லுவதை நிறுத்தினார். அவர் பேசாமல் இருந்ததை அன்றுதான் டிப்போ பார்த்தது.

அன்று தொடங்கியது கணக்கெடுப்பு. நான்கு வாரம். இரண்டு நிறுத்தத்திலும் எத்தனை பேர் இறங்கிச் சாலையைக் கடக்கிறார்கள், அதில் எத்தனை பேர் வண்டிக்கு முன்னால், எத்தனை பேர் பின்னால். வானொலி விசில் ஊதுவதற்கு முன் ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டார். "டிக்கெட் கொடுக்கறதுக்கு ஒரு கை, கோடு போடறதுக்கு ஒரு கை, கம்பியைப் பிடிக்க மூணாவது கைக்கு எங்க போறது?" என்று புலம்பினார், ஆனால் ஒரு நாள்கூட விடவில்லை. மருத்துவமனை நிறுத்தத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் கடந்தார்கள். முந்நூற்று எழுபத்தொரு பேர் முன்னால். நீதிமன்ற நிறுத்தத்தில் முந்நூற்று எண்பத்தெட்டு பேர். முன்னால் வந்தவர்கள் இருபத்தொன்பது.

மகள் வார விடுமுறையன்று அப்பாவோடு போய் டேப் பிடித்து அளந்தாள். பேருந்தின் நீளம், கோட்டின் அகலம், நடுவில் விட வேண்டிய இடம் எல்லாம் சேர்த்து நிறுத்தம் அறுபது அடி தள்ளிப் போக வேண்டும். பெரிய தாளில் வரைந்து, ஒரு பக்கம் இப்போது இருப்பது, மறுபக்கம் இருக்க வேண்டியது என்று காட்டினாள்.

"ஏம்ப்பா, பஸ்ஸை மட்டும் இவ்வளவு அழகா வரையச் சொல்லிட்டீங்க, எனக்குக் காலேஜ்ல இதுக்கு மார்க் போடுவாங்களா?"

"இதுக்கு மார்க் ரோட்டுல போடுவாங்க."

"அப்பா, டயலாக்கெல்லாம் வேணாம். டேப்பைச் சுருட்டுங்க."

அவருக்கு வார விடுமுறை வேலை நாளில்தான் வரும்; அடுத்த மூன்று விடுமுறைகளும் அலுவலகங்களில் போயின. சாலைத்துறையில் ஒரு பெண் பொறியாளர். மேசையில் காகிதங்கள் சரிந்து கிடந்தன; மேலே பறக்காமலிருக்க ஒரு தார் சல்லிக் கல். வரைபடத்தை விரித்துப் பார்த்தார், கோடு போட்ட தாள்களைப் புரட்டினார்.

"யாரு எண்ணினது?"

"எங்க கண்டக்டர்ங்கம்மா."

"யாரு சொல்லி?"

"யாரும் சொல்லலைங்க."

பொறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நாங்க எண்ணியிருக்கணும்," என்றார். "கோடு போடறதும், கம்பித் தடுப்பு வைக்கிறதும் என் பொறுப்பு. நான் செய்யறேன். ஆனா ஸ்டாப்பு என்னோடது இல்லையே."

நிறுத்தம் போக்குவரத்துக் கழகத்துடையது. போக்குவரத்துக் கழகம், நிறுத்தத்தில் இருக்கிற நிழற்குடை நகரசபையுடையது, அதை நகர்த்தினால் நாங்கள் நிறுத்தத்தை மாற்றுகிறோம் என்றது. நகரசபை எழுத்தர் ஒரு தடித்த பதிவேட்டைத் திறந்து, விரலை எச்சில் தொட்டுப் புரட்டி, நிழற்குடை நன்கொடை என்றார். எதிரிலுள்ள மருந்துக்கடைக்காரர், காலமான தன் தகப்பனார் நினைவாகக் கட்டிக்கொடுத்தது. "அவர் சம்மதம்னு எழுதிக் கொடுத்தா நாளைக்கே நகர்த்தலாம். கொடுக்கலைன்னா யாரும் கை வைக்க மாட்டோம். போன வருஷம் அதுமேல ஒரு போஸ்டர் ஒட்டினதுக்கே அவர் நோட்டீஸ் விட்டாரு."

ஆக, எல்லாமும் கடைசியில் ஒரு கையெழுத்தில் வந்து நின்றது.

மருந்துக்கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். கல்லாவுக்குப் பின்னால் தகப்பனாரின் படம். நிழற்குடையின் நெற்றியில் இருக்கிற அதே முகம். கைகாட்டி சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுக்கொண்டே ஒருவருக்கு இருமல் மருந்து கொடுத்தார்.

"நீங்க சொல்றது நியாயம்தான். அதுக்கு எங்கப்பாதான் கிடைச்சாரா?"

"நிழற்குடையை எடுக்கச் சொல்லலைங்க. தள்ளி வைக்கத்தான்..."

"அறுபது அடி தள்ளினா அங்க சாக்கடை மூடி இருக்கு. எங்கப்பாவைக் கொண்டுபோய்ச் சாக்கடை மூடிகிட்ட நிக்க வைக்கச் சொல்றீங்களா? எங்கப்பா இந்தக் கடையை ஒரு மேசை போட்டு ஆரம்பிச்சாரு. அவர் கண்ணு முன்னாடி கடை இருக்கணும்னுதான் அங்க வெச்சேன்."

"அய்யா, ஒரு உசுரு போயிருக்குங்க."

"வேன்காரன் வேகமா வந்தான், போச்சு. அவனைப் பிடிச்சு உள்ள போட்டாச்சு. நிழற்குடை என்ன பண்ணிச்சு? இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன், நீங்க எதுக்குக் கிடந்து அலையறீங்க? உங்க மேலதான் தப்பே இல்லைன்னு சொல்லிட்டாங்களே."

"அதனாலதாங்க அலையறேன். தப்பு யார் மேலயாவது இருந்தா அவங்க திருத்திப்பாங்க. யார் மேலயும் இல்லைன்னா அந்த இடம் அப்படியே இருக்கும்."

மருந்துக்கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரின் சீட்டை வாங்கினார். கைகாட்டி மேலும் இரண்டு முறை போனார். மூன்றாவது முறை கடைக்காரர் தூரத்தில் பார்த்ததுமே உள் அறைக்குப் போய்விட்டார்.

"விட்டுடுங்கண்ணே," என்றார் வானொலி. "அந்தாளு அசையற கட்டை இல்ல."

"கட்டை அசையலைன்னா நெம்புகோலைத் தேடணும். விட்டுட்டுப் போனா அடுத்தது யாருன்னு தினம் கண்ணாடியில பார்த்துக்கிட்டே ஓட்டணும். என்னால முடியாது தம்பி."

மனைவி ஒரு நாள் மருத்துவமனைக்குப் போனவள், வரும்போது நிழற்குடையில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தாள். சும்மா உட்காரவில்லை. சட்டையைப் புரட்டுகிற மாதிரி அதை மேலும் கீழும் பார்த்திருக்கிறாள்.

"அது கட்டினது இல்லங்க, பூட்டினது. நாலு காலும் இரும்பு. காலுக்கு நாலு போல்ட்டு. பதினாறு போல்ட்டைக் கழட்டினா அப்படியே தூக்கலாம். அவர் இடிக்கப் போறீங்கன்னு நினைச்சுக்கிட்டிருக்காரு. அப்புறம், அங்க தள்ளி வெச்சு, கொஞ்சம் சாய்ச்சுத் திருப்பினா அவங்கப்பா முகம் கடையைப் பார்த்துத்தான் இருக்கும். இன்னும் நேராப் பார்க்கும். இப்போ பக்கவாட்டுலதான் பார்க்குது."

கைகாட்டி மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. உங்க கம்பெனிக்காரன் கொடுத்துவெச்சவன்."

"அதை அவன்கிட்டச் சொல்லுங்க."

ஆனால் இதைச் சொல்லக் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேச வேண்டுமே. அதைச் செய்தது தங்கைதான். அவள் இத்தனை நாளும் பேருந்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். கோடு போடுவதைப் பார்த்தாள். வானொலியின் வாயிலிருந்து மீதியும் தெரிந்துகொண்டாள். அவர் வாயில் எதுவும் தங்காதே. ஒரு நாள் ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது நேராக மருந்துக்கடைக்குள் போனாள். அந்த நேரம் வண்டி நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது, சாலையில் கூட்டம் குறைவு.

"அய்யா, ஒரு நிமிஷம் வெளிய வாங்க. எங்கக்கா நின்ன இடத்துல ஒரு தடவை நின்னு பாருங்க. அப்புறம் நான் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அவளைப் போகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு கோட்டின் வழியாக வந்தார். அவள் அவரை நடைபாதை ஓரத்தில், பேருந்தின் மூக்குக்கு முன்னால் நிறுத்தி, அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, கை காட்டுங்க," என்றாள் மேலே பார்த்து.

கைகாட்டிக்குப் புரிந்தது. ஆனால் கை எழவில்லை. ஏழு மாதமாக ஸ்டியரிங்கை விட்டு எழாத கை.

"காட்டுங்கண்ணே. நான் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, உள்ளங்கையை மடக்கினார். பத்தொன்பது வருடம் காட்டிய அதே கை.

மருந்துக்கடைக்காரர் இரண்டடி வைத்தார். பேருந்தின் மறு ஓரத்துக்கு வந்ததும் தங்கை அவரை இழுத்து நிறுத்தினாள். அவர் எட்டிப் பார்க்க முயன்றார். பேருந்தின் சுவரைத் தவிர எதுவும் தெரியவில்லை. மேலே பார்த்தார்.

"வண்டி வருதா?"

"தெரியாதுங்க," என்றார் கைகாட்டி.

"தெரியாதா? அப்புறம் எதுக்குய்யா கை காட்டற?"

கைகாட்டியும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேருந்துக்குப் பின்னாலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வெளியே வந்து, கடைக்காரரின் வேட்டி படபடக்க, ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. வேகமாகக்கூடப் போகவில்லை. சாதாரணமாகத்தான் போனது.

மருந்துக்கடைக்காரர் நடைபாதைக்குத் திரும்பி, தன் அப்பா பேர் போட்ட பெஞ்சில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். வானொலி தன் பாட்டிலைக் கொடுத்தார். அந்தச் சந்தர்ப்பத்தில் கைகாட்டி இறங்கி வந்து பதினாறு போல்ட்டு விஷயத்தைச் சொன்னார். கடைக்காரர் கேட்டாரா இல்லையா என்றே தெரியவில்லை. எழுந்து, கொஞ்ச தூரம் நடந்துபோய், பேருந்து மறைக்காத இடத்தில் நின்று, இரண்டு பக்கமும் நெடுநேரம் பார்த்துவிட்டுத்தான் கடைக்குக் கடந்துபோனார்.

மூன்றாம் நாள் கடைப் பையன் வழியாக அல்ல, தானே கையில் எடுத்துக்கொண்டு நகரசபைக்குப் போய்க் கடிதம் கொடுத்தார். சம்மதம், ஆனால் நிபந்தனைகள் உண்டு: தகப்பனாரின் முகம் கடையைப் பார்க்க வேண்டும். சாக்கடை மூடியைப் புதிதாக மாற்ற வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் பெயின்ட் நகரசபைச் செலவு. நான்காவது நிபந்தனை எழுத்தரையே சிரிக்க வைத்தது: கழற்றிய போல்ட்டுகளை எண்ணித் திரும்பப் பூட்ட வேண்டும், பதினைந்து பூட்டிவிட்டு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகக் கூடாது.

டிப்போவில் பழுது பார்க்கிற பிட்டர்கள் ஒரு விடுமுறை நாள் காலையில் வந்து கழற்றினார்கள். போல்ட்டுகளைக் கைகாட்டியின் மனைவி ஒரு டப்பாவில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பதினாறும் திரும்பப் போனது. பொறியாளர் சொன்னபடி பழைய இடத்தில் நடைபாதை ஓரமாகக் கம்பித் தடுப்பு வைத்து, கோட்டைப் புதிதாக அடித்தார்.

ஆனால் இடம் மாறினால் போதுமா? பழக்கம் மாற வேண்டுமே. முதல் வாரம் அந்த வழித்தடத்தின் பாதி ஓட்டுநர்கள் பழைய இடத்திலேயே பிரேக் போட்டார்கள். பாதி ஜனங்கள் பழைய இடத்திலேயே காத்திருந்தார்கள். "கொழுப்பெடுத்து அறுபது அடி நடக்க வெச்சுட்டான்" என்று கைகாட்டியைத் திட்டினார்கள். முழங்கால் வலிக்காரர் ஒருவர் தினமும், அவர் காதில் விழுகிற மாதிரி, அடிகளைச் சத்தமாக எண்ணிக்கொண்டே நடந்தார்.

அடுத்த வார விடுமுறையன்று கைகாட்டி வீட்டிலிருந்து சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

"அதை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"ஸ்டாப்புக்கு."

"அங்கதான் பெஞ்சு இருக்கே."

"பழைய ஸ்டாப்புக்கு."

மனைவிக்கு விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. "கால் ஆடுது அதுக்கு. வேற எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

பழைய நிறுத்தத்தில், முன்வாசல் சரியாக எங்கே வந்து நிற்குமோ அங்கே, தடுப்பின் உள்பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பேருந்து வந்து பழக்கத்தில் வேகம் குறைத்தால் ஓட்டுநருக்கு நேராக அவர் முகம் தெரியும். ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. பேச மாட்டார், கை காட்ட மாட்டார், சும்மா உட்கார்ந்திருப்பார். ஓட்டுநர் தலையிலடித்துக்கொண்டு அறுபது அடி தள்ளிப் போவார். "யோவ், சிலை வெக்கறதுக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டியா?" என்று கத்திவிட்டுப் போனார் ஒருவர். போக்குவரத்துக் காவலர் வந்து விசாரித்தார். விஷயம் கேட்டுவிட்டு, "சரி, வெயில்ல உக்காராதீங்க," என்றார். எட்டு வாரத்து விடுமுறை நாட்கள் அப்படிப் போயின. மற்ற நாட்களில் வானொலி, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு டிரிப்பிலும் அறிவித்தார்: "இறங்கினவங்க பின்னாடி போங்க! வண்டி போனப்புறம் கடங்க! முன்னாடி ஓடறவங்களுக்கு அடுத்த டிரிப்புல டிக்கெட் கிடையாது!"

எட்டாவது விடுமுறையன்று காலையில் நானும் அங்கே இருந்தேன். கைகாட்டி நாற்காலியில் இருந்தார், மடியில் ட்ரிப் ஷீட் ஒன்று, காதில் பென்சில். பேருந்து ஒன்று வேகம் குறைக்காமல் அவரைத் தாண்டிப் போய்ப் புதிய இடத்தில் நின்றது. அன்று வண்டி ஓட்டியது வேறு ஒருவர். தங்கை முன்வாசலில் இறங்கினாள். தோளில் பை. நடைபாதையோடு பின்னால் நடந்து வந்தாள். கோட்டின் தொடக்கத்தில் நின்றாள். பேருந்து கிளம்பிப் போகட்டும் என்று விட்டாள்.

சாலை இரண்டு பக்கமும் திறந்து கிடந்தது. கைகாட்டி அவளிலிருந்து பத்தடி தூரத்தில்தான் இருந்தார். அவள் அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் கையை நம்பினாள். இவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஒரு பக்கம் பார்த்தாள். மறுபக்கம் பார்த்தாள். தூரத்தில் வந்த வேன் இவளைக் கண்டு வேகம் குறைத்தது. அது நிற்கும்வரை இருந்தாள், பிறகு நடந்து போனாள்; ஓடவில்லை.

அவர் பென்சிலை எடுத்து, 'பின்னால்' என்ற தலைப்பின் கீழ் ஒரு கோடு போட்டார்.